மருந்து அடித்த காலமும் அத்தையின் முதுகும்

அத்தையின் முதுகில் ஒன்று, விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று என்று சிவந்த திட்டுகள். செதில் செதிலாக உரியும். படர்தாமரை என்று நினைத்து ஆண்டுக்கணக்காகக் களிம்பு பூசிக்கொண்டிருந்தார். சதை எடுத்துச் சோதித்தபோது போவன் நோய் என்று முடிவு வந்தது. மேல்தோலோடு நிற்கிற, இன்னும் ஆழம் இறங்காத புற்று அது. வயதானவர்களுக்கு வருவதுதான். ஆனால் பெரும்பாலும் முகம், புறங்கை, முழங்காலுக்குக் கீழே என்று வெயில் பட்ட இடங்களில் வரும். சேலையும் ரவிக்கையும் எப்போதும் மூடியிருந்த இடங்களில், அதுவும் ஒன்றுக்கு மேல் வந்தால், எப்போதாவது ஆர்சனிக் என்ற நஞ்சு உடம்பில் ஏறியதா என்று தோல் மருத்துவர்கள் பழைய கதையைக் கிளற ஆரம்பிப்பார்கள்.

“பாட்டி, நாட்டு மருந்து ஏதாச்சும் ரொம்ப நாள் சாப்பிட்டீங்களா? கிணத்துத் தண்ணி குடிச்சீங்களா? தோட்டத்துல மருந்து அடிச்சீங்களா?” என்று அந்த இளம் மருத்துவர் ஒரே மூச்சில் கேட்டார்.

அத்தை மூன்றுக்கும் ஆமாம் என்றார்.

அத்தைக்கு இப்போது 82 வயது. பிறந்தது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே நிலப்பக்கமாக இருக்கும் செபராங் பிறையில், நிபோங் தெபாலுக்குப் பக்கத்தில் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்தில். பினாங்கு என்றால் தீவும் ஜார்ஜ்டவுனும் நாசி கண்டாரும்தான் எல்லாருக்கும் நினைவு வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த தோட்டத் தொழிலாளர் லயங்களைப் பற்றி யாரும் சுற்றுலாப் பலகை வைக்கவில்லை. பதினைந்து வயதில் அத்தை மருந்தடிக்கும் கேங்கில் சேர்ந்திருக்கிறார். காரில் திரும்பும்போது, நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

“என்ன மருந்துன்னு யாருக்குத் தெரியும் பாப்பா? டின்னுல மண்டை ஓடு படம் போட்டிருக்கும். மண்டோர் தொட்டியில கலக்குவாரு. நாங்க டாங்கியை முதுகுல மாட்டிக்கிட்டு லாலானுக்கு அடிப்போம். அது ஒழுகும். முதுகெல்லாம் நனைஞ்சிரும். அந்தப் புல்லை மேஞ்ச மாடு காலை நீட்டிப் படுத்துரும். நாங்க படுக்கல லா. அதனால எங்களுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சோம்.”

அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில் லாலான் புல்லுக்கு அடித்த முக்கியமான மருந்து சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் உப்பு. மலிவு, தண்ணீரில் எளிதாகக் கரையும், புல்லை நிச்சயம் கொல்லும். 1960களில் பராகுவாட் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பராகுவாட்டின் கதை நமக்குத் தெரியும்: நகம் கழன்ற விரல்கள், மூக்கில் ரத்தம், தற்கொலைகள், பெண் தெளிப்பாளர்களுக்காக நடந்த நீண்ட போராட்டம், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. அதற்கு முன் இருந்ததைப் பற்றிப் பேச ஆளில்லை. அதை அடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். மீதி இருப்பவர்கள் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜத்திலும் அடுக்குமாடி வீடுகளில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. பல ஆண்டுகள் ஒரு ஆய்வகத்தில் குரோமோசோம் சிலைடுகளைப் பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் வீட்டில் எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். அத்தை மகன் அன்றைக்கே போன் செய்துவிட்டார். “ஒரு பிளட் டெஸ்ட் எடுத்தா ஆர்சனிக் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிருமே?”

தெரியாது. உடம்புக்குள் போன கனிம ஆர்சனிக் ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரில் போய்விடும். முடியும் நகமும் கொஞ்ச காலம் கணக்கு வைத்திருக்கும்; அவையும் வெட்ட வெட்டப் போய்விடும். அறுபது ஆண்டுகளுக்கு முன் முதுகில் வழிந்ததைக் காட்டும் சோதனை எதுவும் இல்லை. அதைவிட வேடிக்கை, முந்தின நாள் இறால் சம்பலும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுச் சிறுநீர் கொடுத்தால் மொத்த ஆர்சனிக் எக்கச்சக்கமாகக் காட்டும். கடல் உணவில் இருப்பது பெரும்பாலும் ஆர்செனோபீட்டெய்ன். அது அப்படியே வெளியே போய்விடும், கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. எந்த வடிவத்து ஆர்சனிக் என்று பிரித்துப் பார்க்காத சோதனையை வைத்துக்கொண்டு பினாங்குக்காரர்களை மிரட்டுவது மிகச் சுலபம்.

நஞ்சு போய்விட்டது, நோய் வந்திருக்கிறது. அப்படியென்றால் இடையில் அது எதில் எழுதி வைத்துவிட்டுப் போனது? என் தொழில் இந்தக் கேள்விக்குள் வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்சனிக் டிஎன்ஏவோடு போய் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒரு பொருள் மரபணுவில் பிறழ்வை உண்டாக்குமா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்க்கும் ஏம்ஸ் சோதனை இருக்கிறதே, அதில் ஆர்சனிக் நல்ல பிள்ளையாகத் தேறிவிடும். அதே ஆர்சனிக்கைத்தான் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்று தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது: நுரையீரல், சிறுநீர்ப்பை, தோல். (டிஎன்ஏவுக்குள் ஆர்சனிக் என்றதும் சிலருக்கு 2010இல் நாசா செய்த அறிவிப்பு நினைவு வரலாம். கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த பாக்டீரியா பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கை டிஎன்ஏவிலேயே சேர்த்துக்கொள்கிறது என்றார்கள். 2012இல் மற்ற ஆய்வகங்கள் அதை மறுத்தன. 2025இல் அதை வெளியிட்ட இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.)

அப்படியானால் கேடு எப்படி நடக்கிறது? நம் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நாளில் பல்லாயிரம் சேதங்கள் டிஎன்ஏவில் நடக்கின்றன. மூச்சு விடுவதாலும் சாப்பிடுவதாலுமே நடக்கின்றன. அவற்றில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செல் சரிசெய்துவிடுகிறது. பட்டர்வொர்த் சாலையில் மழை பெய்தால் குழி விழத்தான் செய்யும். குழியடைக்கும் லாரி வராமல் போனால்தான் ஆபத்து. ஆர்சனிக் குழியும் தோண்டுகிறது, லாரியின் சாவியையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. இரண்டாவது வேலையில்தான் அது கெட்டிக்காரன்.

தோண்டுவது இப்படி. ஆர்சனிக் செல்லுக்குள் ஆக்சிஜனின் மூர்க்கமான வடிவங்களைப் பெருக்குகிறது. அவை டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் குவானினை எளிதாகத் தாக்கி 8-ஆக்ஸோகுவானினாக மாற்றிவிடும். சாதாரணக் குவானின் சைட்டோசினோடு சேரும். மாறிப்போனது அடினினோடும் சேர்ந்துகொள்ளும். செல் அடுத்த பிரதி எடுக்கும்போது ஓரிடத்தில் எழுத்து மாறிவிடுகிறது. இழைகளில் வெட்டுகளும் விழுகின்றன.

சாவியை எடுப்பது இன்னும் நுட்பமானது. மூன்று இணைதிறன் கொண்ட ஆர்சனிக்குக்குக் கந்தகத்தின் மேல் தீராத பிரியம். புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் கந்தகம் இருக்கிறது. டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் புரதங்கள் பலவற்றில் சிஸ்டீன்கள் கூடி ஒரு துத்தநாக அணுவைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடியால்தான் புரதம் சரியான வடிவத்தில் நிற்கிறது. ஆர்சனிக் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. எல்லாப் புரதத்திலும் உட்காராது; மூன்று அல்லது நான்கு சிஸ்டீன் பிடித்திருக்கும் இடங்களைத் தேடிப் போகும். டிஎன்ஏ வெட்டுப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து ஆள் கூப்பிடும் பார்ப்-1, வெயிலால் வந்த சேதத்தை அடையாளம் காணும் எக்ஸ்பிஏ ஆகிய இரண்டும் அந்த வகை. மிகக் குறைந்த அளவு ஆர்சனிக்கிலேயே இவை மந்தமாகிவிடும். இழையை உடைக்கத் தேவைப்படும் அளவைவிட, உடைந்ததைச் சரிசெய்ய விடாமல் தடுக்கத் தேவைப்படும் அளவு குறைவு. இதை நான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டோபி ராஸ்மன் 1970களிலேயே இதைப் பிடிக்கத் தொடங்கிவிட்டார். தனியாக விட்டால் ஆர்சனைட் பாக்டீரியாவில் பிறழ்வை அதிகம் உண்டாக்கவில்லை. புற ஊதாக் கதிரோடு சேர்த்தால் கதிரின் கேட்டைப் பெருக்கியது. 2001இல் அவர் குழு முடியில்லாத எலிகளில் காட்டியது இன்னும் தெளிவு. ஆர்சனைட் கலந்த தண்ணீர் மட்டும் குடித்தவற்றுக்குத் தோல் கட்டி இல்லை. தண்ணீரும் கதிரும் சேர்ந்து பட்டவற்றுக்கு, கதிர் மட்டும் பட்டவற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அத்தையின் முதுகு வெயில் படாத முதுகு என்பதால் இந்தச் சோதனை மட்டும் அதை விளக்கிவிடாது. உதவிக்கு வெயில் இல்லாவிட்டாலும் அன்றாடச் சேதங்கள் இருக்கின்றன, அவையே போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் என் கண்ணால் பார்த்த பகுதி குரோமோசோம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோமின் துண்டோ முழுக் குரோமோசோமோ பின்தங்கிவிட்டால், அது மையக் கருவுக்குள் போய்ச் சேராது. ஓரமாகத் தனியே ஒரு குட்டிக் கருவாக நின்றுவிடும். நுண்கரு என்போம். இழை வெட்டுப்பட்டால் துண்டு பின்தங்கும். குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் நூல்கள் கெட்டால் முழுசாகவே பின்தங்கும். அந்த நூல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. அதிலும் கந்தகம் இருக்கிறது, ஆர்சனிக் அங்கேயும் கை வைக்கும். நுண்கரு எண்ணுவது கண்ணைக் கெடுக்கும் வேலை. ஆயிரக்கணக்கில் செல்களைப் பார்த்தால் சில தென்படும். சாயத் துகளையும் நுண்கருவையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

சிலியில் 1990களில் ஒரு ஆய்வு நடந்தது. லிட்டருக்குச் சுமார் 600 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள தண்ணீரைக் குடித்துவந்த ஆண்களுக்கு எட்டு வாரம் 45 மைக்ரோகிராம் உள்ள தண்ணீர் கொடுத்தார்கள். சிறுநீரில் உதிர்ந்துவரும் சிறுநீர்ப்பைச் செல்களில் நுண்கரு குறைந்தது. வாடிப்போன துறையில் எனக்கு ஆறுதல் தந்த ஆய்வு இது. தண்ணீரை மாற்றினால் செல் கேட்கிறது.

ஆனால் ஏற்கெனவே விழுந்த எழுத்துப் பிழை தண்ணீர் மாறியதும் அழிவதில்லை. அதே சிலியின் ஆன்டோஃபகஸ்டா நகரத்துக்கு 1958இல் புதிய ஆற்று நீர் வந்தது. லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக். 1970இல் சுத்திகரிப்பு ஆலை கட்டியதும் அளவு சரசரவென்று இறங்கியது. நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்று மரணங்களோ அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போயின. உச்சத்துக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தத் தண்ணீர் வந்த காலத்தில் தாயின் வயிற்றில் இருந்தவர்களும் கைக்குழந்தைகளாக இருந்தவர்களும் இளவயதிலேயே நுரையீரல் நோயால் இறந்தது மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மருந்தடிக்கும் கேங்கில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்ததாக அத்தை சொல்லியிருக்கிறார்.

கல்லீரல் என்ன செய்கிறது? நல்லது செய்யப் போய்ச் சிக்கலை வளர்க்கிறது. ஏஎஸ்3எம்டி என்ற நொதி, ஆர்சனிக்கின் மேல் மெத்தில் தொகுதிகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் சிறுநீரில் அனுப்பப் பார்க்கிறது. பாதி வழியில் பிறக்கும் மூவிணை மோனோமெத்தில் ஆர்சனிக், புறப்பட்ட ஆர்சனிக்கைவிடக் கொடியது. இரண்டாவது மெத்திலையும் வேகமாக ஏற்றிவிடுகிறவர்கள் தப்பிக்கிறார்கள். அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆர்சனிக் தண்ணீர் குடித்துவந்த மக்களிடம் இந்த மரபணுவின் திறமையான வடிவம் பெருகியிருக்கிறது. நமக்கு அந்த வசதி கிடையாது. இன்னொரு விஷயம், மெத்தில் கொடுக்கும் பொருளான எஸ்-அடினோசைல் மெத்தியோனின்தான் டிஎன்ஏவில் எந்த மரபணு பேச வேண்டும், எது வாய் மூட வேண்டும் என்ற குறிகளை வைக்கவும் தேவை. அது ஆர்சனிக்குக்குச் செலவாகும்போது குறிகள் இடம் மாறுகின்றன. எழுத்து ஒன்றுகூட மாறாமலே, கட்டிகளை அடக்கும் மரபணு வாய் மூடிவிடலாம். அந்த மெத்தில் பொருளை உடம்பு தயாரிக்க ஃபோலேட் சத்து வேண்டும். வங்காளதேசத்தில் அது குறைந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது ரத்தத்தில் ஆர்சனிக் குறைந்தது இதனால்தான். கருவாடும் சோறுமாக வளர்ந்த லயத்துப் பிள்ளைகளின் உடம்பில் ஃபோலேட் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வங்காளதேசம் என்றதும், இங்கே நாம் தினமும் பார்க்கிறவர்களைச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்புக்குக் கீழே உள்ள உணவுக்கடையில் தட்டு எடுக்கும் பையன் சாந்த்பூர்க்காரன். அவன் உள்ளங்கையில் ஆணி போலக் கெட்டியான சிறு மணிகள் இருப்பதை ஒருநாள் பார்த்தேன். ஆர்சனிக் நெடுநாள் ஏறியவர்களுக்கு இப்படி வரும் என்பதால் மலாயில் கேட்டேன். ஊரில் குழாய்க் கிணற்றுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருந்ததாகச் சொன்னான். சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது, பச்சை என்றால் குடிக்கலாம். பச்சைக் கிணறு தூரம் என்பதால் அம்மா சிவப்பிலேயே பிடிப்பாராம். குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற 1970களிலிருந்து லட்சக்கணக்கில் போட்ட கிணறுகள் அவை. வண்டல் மண்ணில் இயற்கையாகவே ஆர்சனிக் இருந்தது; சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. 1983 வாக்கில் கொல்கத்தாவில் கே. சி. சாஹா என்ற தோல் மருத்துவர் கிராமத்து நோயாளிகளின் கைகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் 1993இல்தான் உறுதியானது. அந்தப் பையனை அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். பெர்மிட் பிரச்சினை, முதலாளி, விடுப்பு என்று இழுத்தான். போனானா தெரியாது.

பினாங்கில் குழாய்த் தண்ணீர் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்று நீர். மலேசியாவின் வரம்பும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பும் ஒன்றே, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தெற்குத் தாய்லாந்தின் ரொன் பிபூனில் வெள்ளீயச் சுரங்கக் கழிவு கிணறுகளைக் கெடுத்து, 1987இல் கை கால் தோல் நோய்கள் வெளியே வந்தன. அதே வெள்ளீயப் பாறைப் பட்டைதான் நம் பேராக், சிலாங்கூர் வரை இறங்கி வருகிறது. பழைய ஈயலம்பத்துக்கு (வெள்ளீயச் சுரங்கத்துக்கு) பக்கத்தில் சொந்தக் கிணறு வைத்திருப்பவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. அரிசியிலும் கொஞ்சம் உண்டு. நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடித்தால் கணிசமாகக் குறையும். ரைஸ் குக்கர் வந்ததும் நாம் விட்டுவிட்ட பழக்கம்.

நாட்டு மருந்து விஷயத்தில் எனக்கும் என் சொந்தக்காரர்களுக்கும் சண்டை உண்டு. சித்தர்கள் அறுபத்து நான்கு பாஷாணம் சொன்னார்கள். அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் எல்லாம் ஆர்சனிக்தான். முறையாகச் சுத்தி செய்து, அளவறிந்து கொடுத்த வைத்தியர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பஸ்பத்தை யார் சுத்தி செய்தார்கள் என்று எப்படித் தெரியும்? சிங்கப்பூரில் 1970களில் ஆஸ்துமாவுக்குச் சீன நாட்டு மருந்து சாப்பிட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆர்சனிக் நஞ்சோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மலேசியாவில் பாரம்பரிய மருந்தைப் பதிவு செய்ய ஆர்சனிக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே வையுங்கள்.

இதே வெள்ளைப் பாஷாணம் இன்று ரத்தப் புற்று ஒன்றைக் குணப்படுத்துகிறது என்பதையும் மறைக்க முடியாது. 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் பிறக்கும் கலப்புப் புரதம்தான் அந்த நோயின் வேர். சீனாவின் ஹார்பினில் 1970களில் ஜாங் திங்டாங் குழு இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. 2000இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஆர்சனிக் அந்தக் கலப்புப் புரதத்தின் சிஸ்டீன்களைப் பிடிக்கிறது, செல் அதைச் சிதைத்துவிடுகிறது. வைட்டமின் ஏ வகை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், ஆபத்து குறைந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அதே கந்தகப் பிடி. அளவறிந்து, மருத்துவர்கள் கண்காணிப்பில், சில மாதங்கள் கொடுப்பதும், ஒழுகும் டாங்கியில் ஆண்டுக்கணக்காக முதுகில் ஊற்றுவதும் ஒன்றல்ல.

அத்தை மகனுக்கு இப்போது பெர்கெசோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், மனுப் போட வேண்டும் என்று எண்ணம். தொழில்நோய்ப் பட்டியலில் ஆர்சனிக் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் 1969 சட்டத்தால் வந்தது, 1971இல் செயலுக்கு வந்தது. அத்தை டாங்கியை இறக்கி வைத்து அதற்குள் பல வருடம் ஆகிவிட்டது. வேலைக்கு வந்தவர்கள் பெயர் எழுதிய செக்ரோல் புத்தகம் எங்கே என்று கேட்கத் தோட்டமே இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. சரி, கட்டியின் டிஎன்ஏவைப் படித்து நிரூபிக்கலாமே என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெயில் செய்த புற்றில் வெயிலின் பிறழ்வு முத்திரை இருக்கும். புகையிலைக்கு ஒன்று, கெட்ட கடலையில் வரும் அஃப்ளாடாக்சினுக்கு ஒன்று. அவ்வளவு தெளிவான முத்திரை ஆர்சனிக்குக்குக் கிடைக்கவில்லை. பழுது பார்ப்பவர்களைத் தடுப்பது அதன் வேலை. மிஞ்சிய பிழைகளோ வேறு எவையெல்லாமோ போட்டவை. ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் போட்டால் ஆர்சனிக் தப்பிக்க முடியாது. ஒரே ஒரு கிழவியை நிறுத்தி, இவளுக்கு இதனால்தானா என்று கேட்டால் விஞ்ஞானம் “இருக்கலாம், மிகவும் இருக்கலாம்” என்று சொல்லும். அந்த பதில் எந்தப் படிவத்திலும் நிரப்ப உதவாது.

இதையெல்லாம் நான் அத்தையிடம் இப்படிச் சொல்லவில்லை. திட்டுகளை எடுத்தாயிற்று, ஆழம் இறங்கவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலைக் காட்ட வேண்டும், சிறுநீரில் ரத்தம் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னேன். “அந்த மருந்தாலதானே?” என்றார். இருக்கும் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். கேங்கில் இருந்தவர்களில் யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறார். பிறகு என் போனை வாங்கி, சுங்கைப் பட்டாணியில் இருக்கும் ஒருவரை அழைத்தார்.

“அடியே, நான்தான். உள்ளங்கையைப் பாரு, மணி மணியா இருக்கா? … எத்தனை வருஷமா? … அது ஆணி இல்லடி. உன் மவன்கிட்ட சொல்லு, கார் எடுக்கச் சொல்லு. டாக்டர்கிட்ட போனா முதல்ல தோட்டத்துல மருந்தடிச்சேன்னு சொல்லு. அவங்க கேக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத.”